வீதமும் விதியும்

சேதன இரசாயனத்தைப் புதிதாகக் கற்கப் புகும் மாணவன் இரு வினாக்களை வேறுபடுத்தியறிய முதலாண்டிலேயே பழக்கப்படுகிறான். ஒரு தாக்கம் நிகழக்கூடியதா என்பது முதல் வினா. நிகழுமாயின் எவ்வளவு விரைவில் நிகழும் என்பது இரண்டாவது. தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள பொருள்களின் சக்தி வேறுபாடு முதலாவதற்கு விடை தருகிறது. இரண்டாவதன் விடையோ இரண்டுக்கும் இடையே நிற்கும் மேட்டின் உயரத்தில், அதாவது ஏவற்சக்தியில், தங்கியுள்ளது. நூலகத்துத் தாள்கள் அனைத்தும் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறிவிடவேண்டியவையே. அவ்வாறு மாறாது அவை நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்திருப்பதற்குக் காரணம் அம்மேட்டைத் தாண்டுதற்கு வேண்டிய சக்தி சாதாரண வெப்பநிலையில் அவற்றுக்குக் கிட்டாமையே. நிகழத்தக்கது என்பதும் நிகழ்வது என்பதும் ஒன்றல்ல.

அறவியல் சிந்தனை பெரும்பாலும் முதல் வினாவையே தனதாகக் கொண்டு வந்துள்ளது. எது நீதி, எது உரிமை, எது கடமை என்பன அங்கு ஆராயப்படுகின்றன. அவை எத்துணை விரைவில் கைகூடவேண்டும் என்பது அரசியலாருக்கும் நிருவாகிகளுக்கும் உரிய நடைமுறை விடயமாக ஒதுக்கப்பட்டுவிடுகிறது. தாமதம் என்பது அறத்தின் எல்லைக்குள் வருவதா, அன்றிக் காலத்தின் கணக்கில் மட்டும் அடங்குவதா? இவ்வினாவை ஆராய்வதற்கு இலங்கையின் மத்திய மலைநாட்டைவிடப் பொருத்தமான களம் அரிது. ஏனெனில் அங்கு இரசாயனத் தாக்கங்களின் வீதமும் மனித வாழ்வின் வீதமும் ஒரே தொழிலில், ஒரே நாளில், ஒரே கூடையில் வந்து சேர்கின்றன.

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் அமைந்தது. அங்கு நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கொழும்பில் விரைவில் வெந்துவிடும் பருப்பு லயத்து அடுப்பில் நெடுநேரம் எடுப்பதற்கு விறகின் ஈரம் மட்டும் காரணமன்று. எத்துணை எரித்தாலும் திறந்த பானையிலுள்ள நீர் அவ்வெப்பநிலையைத் தாண்டாது. வெப்பநிலை பத்துப் பாகை உயருமிடத்து பல தாக்கங்களின் வீதம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பாடநூல்கள் கூறும் பருமட்டான விதி. இதற்கு அடிப்படையான சமன்பாட்டை அரீனியசு 1889இல் விளக்கினார். சமையலறையில் நிற்கும் பெண் அச்சமன்பாட்டை அறியாள். ஆயின் காலையில் பெரட்டுக்களத்துக்குப் பிந்தாமற் போவதற்கு அவள் எத்தனை மணிக்கு எழவேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது.

தேயிலைத் தொழிலே வீதங்களை ஆளுகின்ற தொழில் எனலாம். கொழுந்து செடியிலிருந்து பிரிந்த கணத்திலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கிள்ளப்பட்ட பின்னரும் கொழுந்து சுவாசிக்கிறது. சுவாசிக்கையில் வெப்பத்தை வெளியிடுகிறது. கூடையிலோ சாக்கிலோ இறுக அடைத்துவைத்தால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் திரண்டு, இலை நேரத்துக்கு முன்னரே சிவந்து பழுதாகிவிடும். ஆதலாற்றான் கொழுந்து மடுவத்தில் நாளில் இரண்டு மூன்று தடவை நிறுத்து, தாமதமின்றி இஸ்டோருக்கு அனுப்பவேண்டியதாகிறது. அங்கு நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேற்பட்ட நீரைக் கொண்ட பச்சைக் கொழுந்து பன்னிரண்டு முதல் பதினெட்டு மணித்தியாலம் வரை வாட்டப்படுகிறது. வாடிய இலை உருட்டப்படும்போதே தேயிலையின் உண்மையான இரசாயனம் தொடங்குகிறது.

இளங்கொழுந்தின் உலர்நிறையில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது வரை பல்பீனோல்களாகும். அவற்றுள் முதன்மையானவை கற்றெக்கின்கள். இவை கலத்தின் உட்குமிழிகளில் அடைபட்டிருக்கின்றன. இவற்றை ஒட்சியேற்றவல்ல, செப்பைக் கொண்ட நொதியம் அதே கலத்தில், ஆனால் வேறோர் அறையில் இருக்கிறது. ஒரு மென்சவ்வு இரண்டையும் பிரித்து வைத்திருக்கும்வரை செடியில் இலை பச்சையாகவே நிற்கும். உருளையின் அழுத்தத்தில் அச்சவ்வு கிழிய, இரண்டும் காற்றிலுள்ள ஒட்சிசனும் ஒன்று சேர்கின்றன. கற்றெக்கின்கள் குயினோன்களாகி, இருவகைக் குயினோன்கள் இணைந்து பொன்னிறமான தியாபிளேவின்களைத் தருகின்றன. மேலும் நேரஞ் செல்லச் செல்லச் செங்கபில நிறமான தியாரூபிஜின்கள் பெருகுகின்றன. முன்னையது சாயத்துக்கு ஒளியையும் சுறுசுறுப்பையும், பின்னையது நிறத்தையும் கனத்தையும் அளிக்கும். இவற்றை வேறுபடுத்திப் பெயரிட்டவர் ராபர்ட்ஸ் என்னும் ஆங்கில இரசாயனர், அது 1950களில். 1925இல் நிறுவப்பட்டு தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் 1960களில் பணியாற்றிய சாண்டர்சன் முதலியோர் கொழுந்தின் நொதியங்களையும் மணப்பொருள்களையும் விரிவாக ஆராய்ந்தனர்.

இம்மாற்றத்தைத் தொழிலில் புளிக்கவைத்தல் என்றே சொல்லிவருகின்றனர். இங்கு கள்ளிலோ தோசைமாவிலோ போல நுண்ணுயிர் எதுவும் வேலை செய்வதில்லை. பெயர் பிழையாயினும் வழக்கு வென்றுவிட்டது.

புளித்தலை எப்போது நிறுத்துவது என்பதே டீமேக்கரின் கலை. ஓர் அரைமணி முந்தினால் சாயம் பச்சைவாடை அடிக்கும். பிந்தினால் மங்கி மொண்ணையாகும். வெப்பநிலை கூடினால் தியாபிளேவின் உருவாவதைக் காட்டிலும் விரைவாக அது மேலும் மாறிவிடுகிறது. தாழ்நிலத்துத் தொழிற்சாலையில் நீராவித் தெளிப்பானாலும் விசிறியாலும் அரிதிற் பெறும் குளிர்ச்சியை நுவரெலியாவின் காற்று இலவசமாகவே தருகிறது. ஈற்றில் தொண்ணூறு பாகைக்கு மேற்பட்ட சூட்டுக்காற்றில் இலை உலர்த்தப்பட, நொதியம் உருக்குலைந்து செயலற்றுப் போகிறது. நூற்றுக்கு மூன்றளவே ஈரம் எஞ்சிய தூளில் அத்தாக்கம் ஏறத்தாழ உறைந்து நிற்கும். தேநீர்க் கோப்பையில் அருந்தப்படுவது முடிவடைந்த ஒரு தாக்கமன்று, தக்க கணத்தில் நிறுத்தப்பட்ட ஒன்றே.

இனி மூலக்கூறின் உருவம் பற்றிய செய்தி. கற்றெக்கினும் எப்பிகற்றெக்கினும் ஒரே அணுக்களை ஒரே வரிசையில் கொண்டவை. நடு வளையத்தின் அடுத்தடுத்த இரு காபன்களில் இணைந்துள்ள தொகுதிகள் ஒரே பக்கம் நோக்குகின்றனவா, எதிரெதிர்ப் பக்கம் நோக்குகின்றனவா என்பதே அவற்றிடையுள்ள வேறுபாடு. ஒன்று மற்றொன்றாக மாறவேண்டுமெனின் பிணைப்பொன்று முறிந்து வளையம் திறந்து மீண்டும் மூடவேண்டும். கொதிநீரில் நெடுநேரம் கிடந்தால் இது சிறிது சிறிதாக நடைபெறும். குளிர்ந்த நீரில் நடைபெறுவதாகச் சொல்வதற்கில்லை. ஆயின் அதே வளையம் பிணைப்பெதனையும் முறிக்காமல், நெளிந்தும் வளைந்தும், ஓர் இருக்கையிலிருந்து இன்னோர் இருக்கைக்கு மாறியமரும் மனிதனைப் போலத் தன் நிலையை ஓயாது மாற்றிக்கொண்டிருக்கிறது. சைக்கிளோஎட்சேன் என்னும் எளிய வளையம் அறை வெப்பநிலையில் ஒரு செக்கனில் ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவை இவ்வாறு புரளுகிறது. முன்னையது அமைப்பு, பின்னையது நிலை. நிலைகளைப் பற்றிய ஆய்வு எத்துணைப் பயனுடையது என்பதைக் காட்டிய பார்ட்டன், ஹசல் ஆகிய இருவருக்கும் 1969ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இவ்வேறுபாட்டை அறியாத மாணவன் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஒரு மூலக்கூறு பெரும்பாலான நேரத்தில் எந்நிலையில் காணப்படுகிறதோ அந்நிலையே அதன் தாக்கத்தையும் தீர்மானிக்கும் என்று அவன் எண்ணிவிடுகிறான். கேட்டின், ஹமெற் ஆகியோர் பெயரால் வழங்கும் கோட்பாடு அதனை மறுக்கிறது. நிலைகள் ஒன்றிலிருந்து ஒன்றாக விரைந்து மாறவல்லன எனின், எந்நிலையில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்ற தொகை விளைவை முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு விளைவுக்கும் செல்லும் வழியிலுள்ள உச்சிமேடுகளின் உயர வேறுபாடே அதனை முடிவு செய்கிறது. நூற்றுக்கு ஐந்தாக இருக்கும் அரிய நிலையிலிருந்தே விளைபொருள் முழுவதும் வரக்கூடும்.

இச்செய்தியைச் சமூகத்துக்குப் பொருத்திப் பார்க்கும் ஆசை எழுவது இயல்பு. மலையகத் தொழிலாளரைப் பற்றிக் குடியேற்ற காலத்துத் தோட்டத்துரைமார் எழுதி வைத்தவற்றில் திரும்பத் திரும்ப வரும் கூற்று, அவர்கள் இயல்பாகவே பணிவும் அடக்கமும் உடையவர்கள் என்பது. பெரட்டில் தலைகுனிந்து நின்றோரை எண்ணிப்பார்த்து, அதனையே அவர்களின் அமைப்பு என்று கொண்டனர். அது ஒரு நிலை மட்டுமே என்பதை 1931இல் கோ. நடேசய்யர் அட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோதும், 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டு இறந்தபோதும் வரலாறு காட்டியது. குனிந்து நின்றவர்கள் வேறு, நிமிர்ந்தவர்கள் வேறு அல்லர். எந்தப் பிணைப்பும் முறியவில்லை. எந்த இயல்பும் மாறவில்லை. நிமிர்வதற்குரிய விலை மட்டும் அதுவரை தாங்கமுடியாததாக வைக்கப்பட்டிருந்தது.

எனினும் உவமையை வாதமாகக் கொள்ளல் ஆகாது. மூலக்கூறின் பாதையிலுள்ள மேட்டை எவரும் கட்டவில்லை. அதன் உயரம் அணுக்களின் தன்மையால் ஆனது. அதனைப் பழிப்பதற்கும் புகழ்வதற்கும் இடமில்லை. சமூகத்தின் மேடுகளோ தேதியும் இலக்கமும் உடையவை. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு இடங்களை வென்றது. அடுத்த ஆண்டில் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949இல் தேர்தற் சட்டத் திருத்தமும் வந்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் பிரதிநிதி எனப் பாராளுமன்றம் புகுந்தவர் எவருமிலர். இங்கு மேட்டின் உயரம் கையொப்பம் இட்டு நிறுவப்பட்டது. உவமை முறிந்துபோகும் இவ்விடத்திலேதான் அறவியல் வினா தொடங்குகிறது.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் பேசப்படும் என்பது அதன் சாரம். 1974இல் எஞ்சியோரும் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டனர். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையில் எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை அளித்தன. 1948 முதல் 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள். இவ்வரலாற்றை எடுத்துரைக்கும் சிலர், முடிவில் உரிமை கிடைத்துவிட்டது, தாமதம் வருந்தத்தக்கது, அவ்வளவே என்பர். இது இரசாயனனின் ஒரு பார்வையை அறியாமலே கடன் வாங்குவதாகும். ஊக்கி சமநிலையை மாற்றுவதில்லை. அதனை அடையும் வேகத்தை மட்டுமே மாற்றுகிறது. ஊக்கி இருந்தாலும் இல்லாவிடினும் ஈற்றிற் கிடைப்பது ஒன்றே. எனவே வீதம் இரண்டாந்தரமானது என்பது அவர்தம் உட்கிடை.

குடுவைக்கு இது பொருந்தும். குடுவையில் இடைநிலைப் பொருள் என்பது கடந்து செல்லப்படுவது. அதற்கெனத் தனியாக ஓர் உரிமை கிடையாது. மனிதர் விடயத்தில் இடைநிலை என்பதே ஆயுட்காலம். 1948இல் முப்பது வயதானவர் 2003இல் எண்பத்தைந்து வயதினர், உயிரோடிருந்தால். அவருக்கு அந்தத் தாமதம் ஒரு பாதையின் நீளமன்று. அவருடைய வாழ்வு முழுவதுமே அது. அன்றியும், தாமதித்து வரும் விளைவு விரைந்து வந்திருக்கக்கூடிய விளைவேதான் என்பதும் பிழை. சில தாக்கங்களில் வேகமாக உருவாவது ஒன்று, நிலைபேறுடையது வேறொன்று; பின்னையது வருமுன் முன்னையது குடுவையை நிறைத்துவிடும். மீளமுடியாத்தாக்கமெனின் அதுவே முடிவு. இடைப்பட்ட காலத்தில் கப்பலேறியோர் திரும்பிவரவில்லை. தாயகம் திரும்பியோர் எனப் பெயர் பெற்ற அவர்களுக்குத் தொழில் வழங்கத் தமிழ்நாட்டரசு 1968இல் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அட்டனிற் கொழுந்து கிள்ளிய விரல்கள் கூடலூரிலும் குன்னூரிலும் கிள்ளின. அவர்களைப் பொறுத்தவரை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வேறொருவருக்கு வந்த கடிதம்.

இனி நாளாந்த வாழ்வுக்கு வருவோர் இதே வினாவைச் சிறிய அளவில், ஆயின் இன்னும் கூரியதாகக் காண்பர். கொழுந்து காத்திராது என்பது தோட்டத்தில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். அதில் உண்மை உண்டு. ஏழு முதல் பத்து நாளுக்கொருமுறை கிள்ளாவிடின் இளந்தளிர் முற்றிவிடும். கிள்ளியதை நேரத்தோடு வாட்டாவிடின் சிவந்துவிடும். இவை இயற்கையின் வீதங்கள். இவற்றோடு எவரும் பேரம் பேசமுடியாது. ஆனால் ஒருத்தி நாளொன்றுக்கு இத்தனை கிலோ கிள்ளவேண்டும், குறைந்தால் அவளுக்கு அரைப்பேர் மட்டுமே விழும் என்பது எந்தக் கொழுந்தின் இரசாயனத்திலும் எழுதப்பட்டதன்று. பதினெட்டோ இருபதோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம், காலத்துக்குக் காலம் மாறுகிறது. மாறுவதொன்றே அது மனிதர் வைத்த கணக்கு என்பதற்குச் சான்று. எனினும் பேச்சில் இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. மாற்றமுடியாத வீதத்தின் பின்னால் மாற்றக்கூடிய வீதம் ஒளிந்துகொள்கிறது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆகவேண்டும் என்ற நெடுநாட் கோரிக்கை 2021இல் வர்த்தமானி அறிவித்தலாக வந்தபோது, பல தோட்டங்களில் சர்ச்சை ரூபாவை விட்டுக் கிலோவின் மேற் சென்றது தற்செயலன்று. கூலியை ஒரு பக்கத்தில் உயர்த்தி மறுபக்கத்தில் நிறையை உயர்த்தினால் வீதம் இருந்தபடியே இருக்கும். வீதம் என்பது ஒரு பின்னம் என்பதைத் தோட்டத்துப் பெண்கள் எவரும் கற்பிக்காமலே அறிந்திருந்தனர்.

இதிலும் வியப்பான முரண் ஒன்றுண்டு. அட்டன், திம்புள்ள, நுவரெலியாப் பகுதித் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் தேடித்தருவது சனவரி முதல் மார்ச்சு வரையான மேற்குப் பருவம். அப்போது பகலில் வெயிலும் வறண்ட காற்றும், இரவிற் கடுங்குளிரும் இருக்கும். சில விடியல்களில் புல்லின்மேல் உறைபனி படியும். தளிர் மெல்ல வளர்கிறது. மெல்ல வளரும் தளிரில் மணந்தரும் பொருள்கள் செறிகின்றன. குளிர்ந்த தொழிற்சாலையில் ஒட்சியேற்றமும் நிதானமாக நடந்து தியாபிளேவின் காக்கப்படுகிறது. சுருங்கக்கூறின் அத்தேயிலையின் விலை தாமதத்தின் விலையே. வெளிநாட்டு வணிகன் மேலதிகமாகச் செலுத்துவது ஒரு தாக்கம் மெதுவாக நடந்தமைக்காக. அதே மாதங்களில், அதே மெதுவான வளர்ச்சியினால், மலையில் கொழுந்து அருகிப்போகிறது. கிள்ளுபவள் அதிக தூரம் நடந்து, அதிக மரங்களைத் தொட்டு, குறைந்த நிறையோடு மடுவத்துக்கு வருகிறாள். மழைக்காலத்து நிறையே அவளிடம் அப்போதும் கேட்கப்படுமாயின், தளிரின் தாமதம் ஏலத்தில் இலாபமாகவும் அவள் பெயரேட்டில் குற்றமாகவும் பதியப்படுகிறது. ஒரே இயற்கை நிகழ்ச்சிக்கு இரு கணக்குகள். இதை இயற்கை செய்யவில்லை என்பதை மெய்ப்பிக்க இரசாயனம் ஒன்றே போதும். ஏனெனில் மூலக்கூறுகளுக்கு இரண்டு விலைகளும் ஒன்றாகவே காரணமானவை.

இதற்கு மறுமொழியாகச் சொல்லப்படுவது, உற்பத்திச் செலவு என்பதும் ஒரு விதி, அதனை மீறினால் தோட்டம் மூடப்படும் என்பது. இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோவளவு பச்சைக் கொழுந்து வேண்டும். கிள்ளுகூலி செலவின் பெரும்பகுதி. கென்யாவோ அசாமோ தரும் போட்டி கற்பனையன்று. ஆயினும் செலவு என்பது மேடுகளின் தொகை. அவற்றுள் எது அணுவினால் ஆனது, எது ஆவணத்தினால் ஆனது என்று பிரித்துக் காட்டும் கடமை அவ்வாதத்தை முன்வைப்போரையே சாரும். அவர்கள் அதனைச் செய்வது அரிது. மொத்தமாக ஒரு மலையைக் காட்டிவிட்டுப் போவதே வழக்கமாக உள்ளது.

1992இல் தோட்ட முகாமை பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டதன் பின், அண்மைக் காலத்தில் அவற்றுட் சில ஒரு புதுமுறையைக் கையாண்டு பார்க்கின்றன. குறித்த தொகைத் தேயிலை மரங்களை ஒரு குடும்பத்திடம் பராமரிக்க ஒப்படைத்து, நாட்பேருக்குப் பதிலாகக் கொண்டுவரும் கொழுந்தின் நிறைக்கு விலை கொடுப்பது அது. துரையின் கண்காணிப்பு இல்லை, அரைப்பேரின் அச்சம் இல்லை, விரும்பிய நேரத்தில் மலைக்குப் போகலாம் என்பதால் இதனை வரவேற்போர் உளர். நாட்கூலியோடு கிடைத்த சேமலாப நிதி முதலியன என்னாகும் என்று ஐயுறுவோரும் உளர். இம்முறையை எடைபோடுவதற்கு ஒப்பந்தப் பத்திரத்தின் ஒரு வாசகத்தை மட்டும் பார்த்தாலே போதும். விலை பச்சை நிறைக்கு மாத்திரம் குறிக்கப்பட்டிருக்குமாயின், பெப்ரவரி மாதத்துக் குளிரின் நட்டம் முழுவதும் அக்குடும்பத்தினதே. அந்த மாதத்துத் தேயிலை ஏலத்திற் பெற்ற விலையோடு அது இணைக்கப்பட்டிருக்குமாயின், தளிர் மெல்ல வளர்ந்தமையில் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.